பத்தாம் இடம்

ஸ்ரீராமபுரத்தில் ஒரு கிடங்கு.
பாக்குமட்டைத் தட்டுக் கட்டுகளுக்குப் பின்னால்
சுவர்ப்பக்கம் முகம் திருப்பி
நின்றுகொண்டிருந்தது அந்த வீடியோ கேம் பெட்டி,
வகுப்பில் தண்டனை வாங்கியதுபோல்.

"எடுத்துட்டுப் போங்க மேடம்,
எடைக்குப் போட்டா எழுநூறு தேறாது"
என்றார் தணிகாசலம்.
என்ன ஆட்டம் என்று கேட்டேன்.
ஏதோ ஏரோப்ளேன் என்றார்.
ஆட்டம் அவர் நினைவில் இல்லை. இருந்தவை:
மீட்டர் ஓடிய வேகம்,
மாமூலுக்கு வரும் ஏட்டின் பொடி வாசம்,
கேஸ் லைட்டரைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து
காசுத் துவாரத்தில் 'டிக்' என்று பொறி தட்டி
ஓசியில் மூன்று உயிர் வாங்கிப்போன பையன்கள்.
"அவங்க வீட்ல அம்மாமார் தீக்குச்சி கிழிச்சிருப்பாங்க"
என்று சிரித்தார்.

அதற்காகத்தான் துவாரத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்.
ஆணிகள் கோணலாக, கோபத்தோடு.
தகரத்தைக் கழற்றக் கூடாது:
என் குறிப்பேட்டின் முதல் வரி அது.

மூன்று வாரம்.
எஸ்.பி. ரோட்டில் கெப்பாசிட்டர் பதினெட்டு,
ஒரு ஃபியூஸ், அது தப்பான ஃபியூஸ், இன்னொரு ஃபியூஸ்.
வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு
திரை முதலில் பச்சையாய்,
பிறகு எல்லா நிறமுமாய் விழித்தது.

அணைந்திருக்கும்போதும் அந்தக் கண்ணாடியில்
'காசு போடு' என்னும் ஆங்கில எழுத்துகள் தெரியும்.
ஒரே சொல்லை வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி
விழுந்த சூட்டு வடு.

பட்டியல் வந்தது. பத்துப் பெயர்.
ஒன்பது தொழிற்சாலை வைத்தவை.
படிக்கட்டுபோல் இறங்கும் உருண்டை எண்கள்,
யாரும் ஆடாத வெற்றிகள்.
பத்தாவது மட்டும்
நாற்பத்தோராயிரத்து இருநூற்று எழுபது.
கே, யூ, டி.

குட்டி.

தணிகாசலத்துக்கு போன் போட்டேன்.
"அந்தத் தெருவுல வீட்டுக்கு ஒரு குட்டி.
எந்தக் குட்டியைக் கேக்கிறீங்க?"

பலகையின் மூலையில் பேட்டரி கசிகிறது.
கடை மூடிய பிறகும், திரை செத்த பிறகும்,
ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை
பொட்டு வைத்துப் பிளக்கை மாட்டுவாராம்.
அந்த ஒருநாள் சோற்றில்தான்
குட்டி இத்தனை வருடம் உயிரோடு இருந்திருக்கிறான்.
இப்போது ஒரு பச்சைப் பொருக்கு
செம்புத் தடங்களை நோக்கி நகர்கிறது.
வெட்டினால் பலகை பிழைக்கும்.
வெட்டினால் குட்டி இருக்க மாட்டான்,
அல்லது மாட்டாள்.
லைட்டர் யார் வீட்டு அடுப்படியிலிருந்து வந்ததென்று
யாருக்குத் தெரியும்?

படம் எடுத்தேன்.
கைபேசியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் கருப்புப் பட்டை ஒன்று
திரையில் உருண்டபடி இருந்தது.
பதினோரு படத்திலும் பத்தாம் இடத்தின் மேல்
பட்டை, அல்லது பாதிப் பட்டை,
அல்லது என் விரல்.
கரெண்ட் பில்லின் முதுகில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

வேறு மின்சாரத்தைத் தொட்டுப் பிடித்துக்கொண்டே வெட்டலாம்
என்று ஷரீஃப் சொல்லியிருந்தான்.
பிடித்தேன்.
வெட்டும் நொடியில் கம்பி நழுவியது.

மறுபடி எரியவிட்டேன். பத்துப் பெயர்.
பத்தும் தொழிற்சாலை.
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் அவ்வளவு சுத்தம்.

புதுப் பேட்டரி வைத்தாயிற்று.
ராத்திரியில், மற்ற வேலை முடிந்ததும், நானே ஆடுகிறேன்.
பழைய பெரிய ஒரு ரூபாய்கள்,
தணிகாசலம் ஃபிலிம் டப்பாவில் போட்டுக் கொடுத்தவை.
நாற்பத்தோராயிரத்தை எட்டி
கே, யூ, டி என்று பதிய வேண்டும்.
அது பாதுகாப்பதா, கள்ளக் கையெழுத்தா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

என் அதிகபட்சம் ஒன்பதாயிரத்து நூறு.
மூன்றாவது மலை தாண்டியதும் வலப்பக்கமிருந்து
இரண்டு வருகின்றன, எப்போதும் இரண்டு.
எங்கே ஒதுங்குவதென்று
குட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

ஜாய்ஸ்டிக்கின் குமிழ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது.
இடது பக்கம்.
என் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்க்கிறேன்.
அளவு சிறியது.
காசு போடுகிறேன்.